வாடகையில் சேராத கட்டணங்கள்: வெளிநாட்டுச் சுற்றுலா வரிகள் பற்றி வாசகர் கேள்விகள்

விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. விமானச் சீட்டும் அறை வாடகையும் கணக்குப் போட்டுச் சேர்த்த பிறகு, போகும் ஊரில் நகராட்சியும் அரசும் தனியாகக் கேட்கும் வரிகளுக்கும் வருகைக் கட்டணங்களுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்பதே அந்தக் கவலை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மகள், மருமகன், எட்டு வயதுப் பேத்தி ஆகியோருடன் இத்தாலி செல்ல ஒரு பயண நிறுவனத்தில் பணம் கட்டியிருக்கிறோம். அவர்கள் கொடுத்த தாளின் அடியில், “சிட்டி டாக்ஸைப் பயணிகளே நேரில் செலுத்த வேண்டும்” என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு ஆகும்? அதையும் சேர்த்தே வாங்கிக்கொண்டால் என்ன?
— திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்தச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுக் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பலர் அதைப் படிப்பதே இல்லை. அறையைக் காலி செய்யும் காலையில், பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு நிற்கும்போதுதான் இந்த வரியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

இத்தாலியில் நகராட்சிகள் தங்கள் ஊரில் இரவு தங்கும் வெளியூர்க்காரர் ஒவ்வொருவரிடமும் தங்கல் வரி வாங்குகின்றன. அதை விடுதி வசூலித்து நகராட்சிக்குக் கட்டுகிறது. எனவே அது விடுதியின் வருமானமும் அல்ல, வாடகையின் பகுதியும் அல்ல. விடுதி எத்தனை நட்சத்திரம் கொண்டது, எத்தனை பேர், எத்தனை இரவுகள், குழந்தையின் வயது என்ன என்பவற்றைப் பொறுத்துத் தொகை மாறுவதாலும், விலைப்பட்டியலில் மொத்தத் தொகை குறைவாகத் தெரிய வேண்டும் என்பதாலும் பயண நிறுவனங்கள் இதை வெளியே விட்டுவிடுகின்றன. முதல் காரணம் நியாயமானது. இரண்டாவது காரணத்தை நான் ஏற்பதில்லை; குறைந்தபட்சம் உத்தேசத் தொகையையாவது அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுப்பது அவர்கள் கடமை. கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரோம் நகரில் 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, மூன்று நட்சத்திர விடுதியில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 10 யூரோ. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரி இல்லை. தொடர்ந்து பத்து இரவுகளுக்கு மேல் தங்கினால் அதற்கு மேற்பட்ட இரவுகளுக்கும் இல்லை. ஆகவே உங்கள் பேத்திக்கு விலக்கு உண்டு. பெரியவர்கள் நால்வர், மூன்று நட்சத்திர விடுதி, மூன்று இரவுகள் என்று வைத்துக்கொண்டால் 72 யூரோ ஆகும். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று உத்தேசமாகப் போட்டால் ரோமில் மட்டும் 7,200 ரூபாய். ஃபிளாரன்ஸ், வெனிஸ், மிலான் என ஒவ்வொரு நகராட்சிக்கும் தனித்தனிக் கட்டணம், தனித்தனி வயது வரம்பு என்பதால் உங்கள் பயணத்தில் எந்த ஊரில் எத்தனை இரவு என்று முதலில் எழுதிக்கொண்டு, ஊர்வாரியாகக் கணக்கிடுவதே சரி.

வெனிஸில் இதற்கும் மேலாக ஒன்று உண்டு. இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024-ஆம் ஆண்டு 29 நாள்களிலும், 2025-இல் 54 நாள்களிலும் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் கூட்டம் நெரியும் நாள்களாகப் பார்த்து, காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை வருகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். 2025-இல் நான்கு நாள்களுக்கு முன்பே இணையத்தில் கட்டியவர்களுக்கு 5 யூரோ, தள்ளிப்போட்டவர்களுக்கு 10 யூரோ. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு இது 20 யூரோவா 40 யூரோவா என்பது, பணத்தை எப்போது கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் தீவில் வாடகை அதிகம் என்பதால் பயண நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்க்கரையில் உள்ள மெஸ்த்ரேவில் தங்க வைப்பார்கள். மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததுதான். அங்கே தங்கல் வரி கட்டுகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் விலக்கு பெற்றவர்கள் என்று நகராட்சியின் இணையதளத்தில் பதிந்து, அதற்கான கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். அதுவே பதுவா நகரில் தங்கிவிட்டு ரயிலில் வந்தால் அது வேறு நகராட்சி; கட்டணம் உண்டு.

கையில் ரொக்கமாக யூரோ வைத்திருங்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய நகரம் ஒன்றில் நான் தங்கிய சிறு விடுதியில், இந்த வரியை மட்டும் ரொக்கமாகத்தான் வாங்குவோம் என்று அதிகாலை ஐந்தரை மணிக்குச் சொன்னார்கள். ஏ.டி.எம். தேடிப் போய்த் திரும்புவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்குப் புதிதாகச் சீட்டு வாங்கிய தொகை, நான் கட்ட வேண்டியிருந்த வரியைப் போல் பல மடங்கு. ஆகவே விடுதிக்குள் நுழைந்த அன்று மாலையே இந்த வரியைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐரோப்பா போவதற்கு விசாவோடு ‘எட்டியாஸ்’ என்ற கட்டணமும் கட்ட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்கிறோம்; விசா இல்லாமலே அவற்றுக்குள் நுழையக்கூடிய நாட்டவர்களுக்காக ஏற்பட்ட முன் அனுமதி அது. நாம் ஷெங்கன் விசா எடுக்கிறோம். 2024 ஜூன் 11 முதல் அதன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது என்பதால், கணக்கில் இதைச் செலவான பணமாகவே எழுதுங்கள்.

கேள்வி: திருமணமாகி முதல் பயணமாக மாலத்தீவு செல்கிறோம். இணையத்தில் ஓர் அறைக்கு 200 டாலர் என்று பார்த்து, நான்கு இரவுகளுக்கு 800 டாலர் என்று கணக்குப் போட்டிருந்தோம். பணம் கட்டப் போன இடத்தில் தொகை ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
— கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஏமாற்று அல்ல. ஆனால் விலையை எழுதும் விதம் புதியவர்களைத் தடுமாற வைப்பதுதான். மாலத்தீவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், ஒன்று சேவைக் கட்டணத்தையும் மற்றொன்று சுற்றுலாத் துறைக்கான சரக்கு சேவை வரியையும் குறிக்கும். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். வரி 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 சதவீதம் என்று எண்ணிவிடாதீர்கள். சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மீதுதான் வரி விழும். அறை 200 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 220, அதன் மீது 17 சதவீதம் சேர்ந்து 257 டாலர் 40 சென்ட். நான்கு இரவுகளுக்கு 1,029 டாலர் 60 சென்ட். நீங்கள் பார்த்த தொகை இதுவாகவே இருக்கும். உணவு, படகுப் பயணம், கடலில் மூழ்கிப் பார்க்கும் பயிற்சி என்று விடுதியில் வாங்கும் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இதற்குப் பிறகு பசுமை வரி. 2025 ஜனவரி 1 முதல் இதை இரண்டு மடங்காக்கினார்கள். ரிசார்ட்டிலும் பெரிய விடுதிகளிலும் தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். மக்கள் வசிக்கும் தீவுகளில் ஐம்பது அல்லது அதற்குக் குறைவான அறைகள் கொண்ட விடுதிகளில் 6 டாலர். இருவருக்கு நான்கு நாள் என்றால் ரிசார்ட்டில் 96 டாலர், சிறு விடுதியில் 48 டாலர். வாடகை குறைவு என்பதோடு இந்த வித்தியாசமும் சேருவதால், மாஃபுஷி போன்ற தீவுகளில் தங்கும் செலவு வெகுவாகக் குறைகிறது. கடற்கரையும் கடலும் உங்களுக்கு வேண்டியவை என்றால், இரண்டு இரவு சிறு விடுதியிலும் இரண்டு இரவு ரிசார்ட்டிலும் தங்கிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது உங்கள் கண்ணில் படாது. 2024 டிசம்பர் முதல் மாலத்தீவை விட்டுப் புறப்படும் வெளிநாட்டுப் பயணியிடம் புறப்பாட்டு வரியாக 50 டாலரும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமாக 50 டாலரும் வாங்குகிறார்கள். இது சாதாரண வகுப்புக்கான தொகை. உயர் வகுப்புகளுக்கு இன்னும் அதிகம். விமானச் சீட்டின் விலைக்குள்ளேயே இது இருப்பதால் நீங்கள் மறுபடி ஒதுக்க வேண்டியதில்லை. சீட்டு ஏன் இவ்வளவு விலை என்று யோசிக்கும்போது மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு வந்திறங்கும்போது தரும் விசாவுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: பெற்றோர், மனைவி, ஒன்பது வயது மகன் ஆகியோருடன் பூட்டான் செல்ல விரும்புகிறோம். அங்கே அறை வாடகை குறைவுதான், ஆனால் தினமும் அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். ஆறு இரவுகளுக்கு எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எதற்காக?
— மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வருகைக் கட்டணம் என்பதை ஒரு நாட்டின் கொள்கையாகவே வைத்திருக்கும் இடம் பூட்டான். 1974-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்த நாளிலிருந்தே, குறைவான பேர் வரட்டும், வருகிறவர்களால் நாட்டுக்கு நிறைவான பயன் இருக்கட்டும் என்ற எண்ணத்தோடுதான் நடந்துகொண்டிருக்கிறார்கள். நிலையான வளர்ச்சிக் கட்டணம் என்று அதற்குப் பெயர். மற்ற நாட்டவர்களுக்கு 2022 செப்டம்பரில் ஓர் இரவுக்கு 200 டாலராக உயர்த்தினார்கள். கொரோனாவுக்குப் பின் வருகை எதிர்பார்த்த அளவு மீளாததால், 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்து 100 டாலர் ஆக்கினார்கள். இந்தச் சலுகை 2027 ஆகஸ்ட் இறுதி வரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம். ஐந்து வயது வரை இல்லை. நீங்களும் மனைவியும் பெற்றோரும் என நான்கு பெரியவர்களுக்கு ஆறு இரவுகளுக்கு 28,800 ரூபாய், மகனுக்கு 3,600 ரூபாய், ஆக 32,400 ரூபாய். அறை வாடகை, வழிகாட்டி, வண்டி, கோயில்களின் நுழைவுச் சீட்டு எதுவும் இதில் அடங்காது. பூட்டானின் நுல்ட்ரம் நமது ரூபாய்க்குச் சமமதிப்பு கொண்டது என்பதால், டாலர் ஏறுமோ என்ற கவலை இந்தக் கணக்கில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

இந்தத் தொகையைப் பார்த்ததும் பலர் நாள்களைக் குறைக்கத்தான் நினைப்பார்கள். நான் அதற்கு மாறாகச் சொல்வேன். வண்டியில் ஓடி ஓடி மூன்று இரவில் பாரோ, திம்பு, புனாக்கா மூன்றையும் பார்ப்பதைவிட, இரவுகள் அத்தனையையும் வைத்துக்கொண்டு இடங்களைக் குறைப்பது வயதான பெற்றோருக்கும் நல்லது, கட்டிய பணத்துக்கும் பொருள் தரும். அந்தக் கட்டணம் அரசின் வருவாயில் சேர்ந்து, அங்கே இலவசமாகத் தரப்படும் மருத்துவத்துக்கும் கல்விக்கும், காடுகளையும் சாலைகளையும் பராமரிப்பதற்கும் போகிறது. நாட்டின் பரப்பில் குறைந்தது 60 சதவீதம் எக்காலமும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது. அந்தக் காட்டைப் பார்க்கத்தானே நாம் போகிறோம்.

ரயிலில் நியூ ஜல்பைகுரி அல்லது ஹாசிமாரா வரை போய், அங்கிருந்து சாலை வழியாக புன்ச்சோலிங் எல்லைக்குச் செல்வது செலவு குறைந்த வழி. கடவுச்சீட்டு இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும்; மகனுக்குப் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். ஆதார் அட்டையை மட்டும் நம்பி எல்லை வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு.

கேள்வி: பாலித் தீவுக்குப் போக இணையத்தில் வரி கட்டத் தேடினோம். ஒரு தளத்தில் ஒருவருக்கு 35 டாலர் கேட்கிறார்கள். இவ்வளவா?
— சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: கட்டிவிடாதீர்கள் அம்மா. பாலி மாகாண அரசு 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் கட்டணம் தலைக்கு 1,50,000 இந்தோனேசிய ரூப்பியா. டாலரில் பத்துக்கும் குறைவு. ஒருமுறை வருகைக்கு ஒருமுறை கட்டினால் போதும், இரவுக் கணக்கு இல்லை, குழந்தைகளுக்கும் உண்டு. ‘லவ் பாலி’ என்ற பெயரில் மாகாண அரசே நடத்தும் தளத்திலோ செயலியிலோ கட்டலாம்; விமான நிலையத்திலும் கட்ட வசதி உண்டு. வந்திறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 5,00,000 ரூப்பியா தனி. அது இந்தோனேசிய நாட்டுக்கு. இது பாலி மாகாணத்துக்கு. ஆக ஒருவருக்கு 6,50,000, மூவர் போனால் 19,50,000 ரூப்பியா. சுழியங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், நாணயத்தின் மதிப்பு அப்படி.

நீங்கள் பார்த்தது இடைத்தரகர் தளமாக இருக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவது விளம்பரம். அரசு முத்திரையைப் போலவே ஒன்றை வரைந்து வைத்திருப்பார்கள். தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டை, மலேசியாவின் வருகை அட்டை, சிங்கப்பூரின் வருகை அட்டை ஆகிய மூன்றும் முழுக்க இலவசம். அவற்றுக்கும் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. வருகைக் கட்டணத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அறிவது போலவே, எதற்கு ஒரு பைசாவும் ஒதுக்க வேண்டியதில்லை என்று அறிவதும் கணக்குத்தான். பணம் கட்டும் முன் முகவரியின் இறுதியில் அந்த நாட்டு அரசின் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவில்லையென்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்திலிருந்து உள்ளே போங்கள். அதிகப் பணம் போவதோடு கடவுச்சீட்டின் படமும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: ஈப்போவில் என் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறோம். மலேசியச் சுற்றுலா வரி நாங்களும் கட்ட வேண்டுமா?
— காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: வேண்டாம். 2017 செப்டம்பர் முதல் மலேசியா வாங்கும் சுற்றுலா வரி, விடுதி அறைகளுக்கு மட்டுமே. வெளிநாட்டவர் தங்கும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். தலைக்கு அல்ல, அறைக்கு என்பதைக் கவனியுங்கள். மூன்று பேர் ஓர் அறையில் தங்கினாலும் அதே பத்துதான். கோலாலம்பூரில் ஓரிரு இரவு விடுதியில் தங்கினால் அதற்கு மட்டும் எடுத்து வையுங்கள். துபாயிலும் இதே முறைதான்: விடுதியின் தரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அறைக்கணக்கில் வரி வாங்கும் ஊர்கள் எப்போதும் சாதகமானவை.

கேள்வி: ஜப்பானில் செர்ரிப் பூக்காலத்தில் கியோட்டோவில் தங்க விரும்புகிறோம். அங்கே வரி பத்தாயிரம் யென் என்று செய்தியில் படித்துத் திகைத்துப் போனோம்.
— புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அது ஓர் இரவுக்கு ஒருவர் ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் கொடுத்துத் தங்கும் ஆடம்பர விடுதிகளுக்கு. 2026 மார்ச் 1 முதல் கியோட்டோவின் தங்கல் வரி ஐந்து படிகளாக இருக்கிறது. ஒருவருக்கான இரவு வாடகை 6,000 யென்னுக்குக் கீழே என்றால் 200 யென். 20,000 யென்னுக்குக் கீழே என்றால் 400. 50,000-க்குக் கீழே 1,000. ஒரு லட்சத்துக்குக் கீழே 4,000. அதற்கு மேல்தான் 10,000. வாடகையை அறைக்கு அல்ல, ஆளுக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும். 24,000 யென் அறையில் நீங்கள் இருவர் தங்கினால் ஆளுக்கு 12,000. ஆகவே ஆளுக்கு 400 யென், இரவுக்கு 800 யென்தான். மூன்று இரவுகளுக்கு 2,400.

இதோடு ஒப்பிட்டால் ஆம்ஸ்டர்டாமின் முறை கடுமையானது. அங்கே 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் வரி. 160 யூரோ அறைக்கு ஓர் இரவுக்கு 20 யூரோ போய்விடும். சதவீதக் கணக்கு உள்ள ஊர்களில் வாடகை ஏறும் நாள்களில் வரியும் கூடவே ஏறும் என்பதால், வார இறுதியையும் திருவிழா நாள்களையும் தவிர்ப்பதில் இரட்டை மிச்சம் இருக்கிறது. ஜப்பானை விட்டுப் புறப்படும் வரி 2019 ஜனவரியில் 1,000 யென்னாகத் தொடங்கியது. 2026 ஜூலை முதல் 3,000 யென்னாக உயர்த்த முடிவு செய்திருக்கிறார்கள். அதுவும் விமானச் சீட்டுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: அங்கோர் வாட்டைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன். ஆனால் கம்போடியர்களுக்கு இலவசம், நமக்கு 37 டாலர் என்கிறார்கள். வெளிநாட்டவரிடம் மட்டும் இப்படி வாங்குவது அநியாயம் இல்லையா?
— தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐயா, முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரி முதல் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. கோயிற்கலையில் ஈடுபாடு உள்ளவர் என்று உங்கள் கடிதம் சொல்வதால், மூன்று நாள் சீட்டையே வாங்கச் சொல்வேன். பாயோனையும் பந்தியாய் ஸ்ரேயையும் அங்கோர் வாட்டையும் ஒரே நாளில் பார்ப்பது, பெரிய கோயிலின் விமானத்தைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்துவிட்டு வருவதற்குச் சமம். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும். அதிகாரபூர்வ விற்பனை இடத்தில் மட்டுமே வாங்குங்கள்.

அநியாயமா என்று கேட்டீர்கள். நம் மாமல்லபுரத்திலேயே இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். தாஜ்மகாலில் நமக்கு 50, அவர்களுக்கு 1,100. சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர்க்கு 540. பாரிஸின் லூவர் அருங்காட்சியகமும் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 22 யூரோவுக்குப் பதில் 32 யூரோ வாங்குகிறது. ஒரு கோயிலையோ அருங்காட்சியகத்தையோ ஆண்டு முழுவதும் தன் வரிப்பணத்தில் காத்து நிற்பவர் உள்ளூர்க்காரர். ஒருநாள் வந்து பார்க்கும் நாம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணம் அந்த இடத்துக்கே போகிறது என்பதைக் கணக்குக் காட்டிச் சொல்ல வேண்டிய கடமை வாங்குகிறவருக்கு உண்டு. அதைச் சொல்லாத இடங்களில் உங்கள் கோபம் சரியானதே. நமக்கும் சில சலுகைகள் இருப்பதை மறக்க வேண்டாம். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப்பகுதி அனுமதிக்கு மற்ற வெளிநாட்டவர் 3,000 நேபாள ரூபாய் கொடுக்கும்போது, சார்க் நாட்டவரான நாம் 1,000 கொடுத்தால் போதும். எந்தச் சீட்டு வாங்குமிடத்திலும் சார்க் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கடவுச்சீட்டைக் காட்டினால்தான் தருவார்கள்.

கேள்வி: இத்தனையும் படித்தால் தலை சுற்றுகிறது. சாதாரணக் குடும்பம் ஒன்று இதையெல்லாம் ஒரு தாளில் எப்படிக் கணக்குப் போடுவது? பயண நிறுவனம் வாங்கும் டி.சி.எஸ். என்பதும் சுற்றுலா வரிதானா?
— நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: டி.சி.எஸ். சுற்றுலா வரி அல்ல; அது நம் நாட்டு வருமான வரியின் முன்பணம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும் நிறுவனம் உங்களிடம் அதை வசூலித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிறது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரியே இல்லையென்றால் திரும்பப் பெறலாம். எனவே அதைச் செலவு என்று எழுதாமல், திரும்பி வரும் பணம் என்று தனியாக எழுதுங்கள். ஆனால் திரும்பி வர மாதங்கள் ஆகும், அதுவரை கைப்பணம் முடங்கும். தாத்தா பாட்டியின் பயணத்துக்கு மகன் பணம் கட்டினால் யார் பான் எண் கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குத் தாக்கல் செய்யாதவர் பெயரில் போனால், திரும்பப் பெறுவதற்காகவே அவர் தாக்கல் செய்ய வேண்டி வரும்.

தாளுக்கு வருவோம். ஒவ்வோர் ஊரின் பெயரையும் எழுதி, அதற்கு எதிரே கட்டணம் எந்த அளவில் விழுகிறது என்று முதலில் எழுதுங்கள். தலைக்கா, அறைக்கா, இரவுக்கா, வாடகையில் சதவீதமா, வருகைக்கு ஒருமுறையா? தொகையைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் ஐந்து பேர் குடும்பத்துக்கும் இருவர் போகும் பயணத்துக்கும் வித்தியாசம் வருவது இங்கேதான். அடுத்து, அதை எங்கே கட்டுகிறோம் என்று எழுதுங்கள். விமானச் சீட்டுக்குள் அடங்கியது என்றால் சுழியம் போட்டுவிடுங்கள். புறப்படும் முன் அரசுத் தளத்தில் கட்ட வேண்டியது என்றால் தேதி போட்டு வையுங்கள். விடுதி மேசையில் கட்ட வேண்டியது என்றால் அந்த ஊர் நாணயத்தில் ரொக்கமாக ஓர் உறையில் போட்டு, உறை மேல் ஊர்ப் பெயரை எழுதிவிடுங்கள். அந்த உறையைச் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் எடுக்கக் கூடாது.

அறையை முன்பதிவு செய்யும்போது, வரிகள் உட்பட இவ்வளவு என்று காட்டும் தொகையில் நகர வரி சேர்ந்திருக்கிறதா என்று அடியில் உள்ள சிறு எழுத்துக் குறிப்பைப் படியுங்கள். “விடுதியில் செலுத்த வேண்டியது” என்று தனியே காட்டியிருந்தால் அது சேரவில்லை. இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நான்கு நட்சத்திர விடுதியில் கிடைக்கும் சிறு தள்ளுபடியை வரி வித்தியாசமே தின்றுவிடுவதுண்டு. குழந்தைகளின் வயதை முன்பதிவிலேயே சரியாகக் கொடுங்கள். விலக்கு அதை வைத்துத்தான் கிடைக்கும்.

அட்டையில் கட்டினால், இந்திய ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தருவதற்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்குச் சாதகமாக இருப்பதில்லை.

கடைசியாக, அந்தத் தாளின் மூலையில் கணக்குப் போட்ட தேதியை எழுதி வைத்துவிட்டு, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் ஒவ்வொரு தொகையையும் அந்தந்த அரசுத் தளத்தில் மறுபடி சரிபாருங்கள். மாலத்தீவின் பசுமை வரி, கியோட்டோவின் தங்கல் வரி என்று இந்தப் பக்கத்தில் நான் சொன்ன பல தொகைகள் கடந்த இரண்டே ஆண்டுகளுக்குள் மாறியவை. ஏற்றம் வந்திருந்தால் ஈடுகட்ட, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாக அந்த உறைகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.